புரட்டாசியில் இருபத்தொரு நாள் மழை

சிவமயம்

மயிலாப்பூர்
14-7-1998

சிதம்பரநாதனுக்கு,

நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தம்பிக்குத் தபாலில் எழுதுகிறாளே என்று தபால்காரர் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். போனில் சொன்னால் நீ "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். தாளில் எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

நேரில் சொன்னதுக்கு எனக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். உன் ஆபீஸ் ஆட்கள் மூன்று பேரை என் வீட்டுக்கு அழைத்து வந்து, நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே, "எங்கக்கா ரசத்துக்கு உப்புப் பாக்குற மாதிரி என் மழையைப் பாக்குறா" என்றாய். அவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். உங்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சத்தமாகத்தான் சாத்தினேன். அதற்கு எனக்கு வருத்தமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா மேலப்பொட்டலூர் பருத்தி ஜின்னிங் பாக்டரியில் முப்பது வருஷம், தினம் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து எழுதிய நோட்டுகளை நீ கேட்டாய் என்று ஏழு மாதம் உட்கார்ந்து பிரதி எடுத்தேன். அவர் தமிழ்த் தேதியில் எழுதினதைப் பழைய பஞ்சாங்கங்களை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் தேதிக்கு மாற்றினேன். பதிலுக்கு நீ உன் கம்ப்யூட்டர் மழையைத் தந்தாய், ஓரமெல்லாம் ஓட்டை போட்ட தாளில்.

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பானால் திருத்து. ஒரு கணக்கு நம் வட்டாரத்து மழையையும் வெயிலையும் நாள் நாளாகப் போட்டுத் தருகிறது. இன்னொரு கணக்கு அந்த மழையைக் குடித்துத் திரையிலேயே பருத்திச் செடி வளர்க்கிறது. நீ இரண்டையும் இணைத்து, எந்தத் தேதியில் விதைத்தால் அதிகம் காய்க்கும் என்று பார்க்கிறாய். சரியா?

இப்போது புரட்டாசி மாதத்தை எடுத்துக்கொள். அப்பா நோட்டில் முப்பது வருஷச் சராசரி எண்பத்து நாலு மில்லிமீட்டர். உன் தாளில் எண்பத்தெட்டு. பேஷ். ஆனால் அப்பா நோட்டில் அந்த மழை ஆறு நாளில் பெய்கிறது. உன் தாளில் இருபத்தொரு நாளில் பெய்கிறது! தினம் கொஞ்சம், தினம் கொஞ்சம், பூவாளியில் தெளிக்கிற மாதிரி. அந்த ஊரில் பிறந்தவன் நீ. புரட்டாசியில் இருபத்தொரு நாள் மழையை எப்போதாவது பார்த்திருக்கிறாயா? உன் திரையில் வளர்கிற செடிக்குத் தாகமே எடுக்காது. அதனால்தான் அது ஆவணி இருபதிலேயே விதைக்கலாம் என்கிறது. ஊரில் புரட்டாசி கடைசி வரை காத்திருக்கிறார்களே, அவர்கள் சோம்பேறிகளா?

இந்தத் தேதியை நோட்டீஸ் அடித்து முப்பது கிராமத்தில் கொடுக்கப் போவதாகச் சொன்னாய். நம் அத்தை மகன் வைரவன் அத்தானுக்கு ஆறு ஏக்கர் மானாவாரிதான் எல்லாமும். நீ சொன்னால் அவர் வேதவாக்காக எடுத்துக்கொள்வார். நோட்டீஸை நிறுத்து.

பங்கஜம்

கோட்டூர்புரம்
20-7-1998

அன்புள்ள அக்காவுக்கு,

சிரித்தது தப்பு. ஆனால் ஆபீஸ்காரர்கள் படி இறங்குவதற்குள் கதவை அடித்துச் சாத்தினீர்களே, அதற்கு மறுநாள் கேண்டீனில் நான் என்ன பதில் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் புரிந்துகொண்டது பெரும்பாலும் சரி. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வட்டாரப் பருவநிலை மாடல், நீங்கள் சொன்ன முதல் கணக்கு, ஒவ்வொரு வயலுக்கும் மழை சொல்வதில்லை. பூமியை ஐம்பது கிலோமீட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு எண் தருகிறது. அத்தனை பெரிய இடத்தில் தினம் எங்கேயாவது ஒரு மூலையில் மழை இருக்கும். அதனால் மழை நாட்கள் அதிகமாகத் தெரியும். இது உலகம் முழுக்க எல்லாருக்கும் தெரிந்த குறைதான். மாத மொத்தம் அப்பா நோட்டோடு ஒத்துப்போகிற மாதிரி ஒரு எண்ணால் பெருக்கிச் சரிசெய்திருக்கிறேன். ஐந்து சதவீதத்துக்குள் வித்தியாசம். வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்தவர்களே பாராட்டினார்கள்.

இன்னொன்று. என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. கம்ப்யூட்டரில் செய்தது விவசாயி கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று காட்டினால்தான் நீட்டிப்பார்கள். இரண்டு வருஷ வேலையை, சமையலறையில் மனக்கணக்குப் போட்டவர் சொன்னார் என்று நிறுத்த முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு இருக்கிற பிடிவாதத்துக்கு நீங்கள் படித்திருந்தால் எனக்கே அதிகாரியாக வந்திருப்பீர்கள்.

உங்கள் தம்பி பெண்டாட்டி ஜெயஸ்ரீ உங்களை விசாரித்தாள்.

சிதம்பரநாதன்

சிவமயம்

மயிலாப்பூர்
24-7-1998

சிதம்பரநாதனுக்கு,

மனக்கணக்கு இல்லை. நோட்டுப் போட்டுத்தான் கணக்கு. நாற்பது பக்கம். வேண்டுமானால் அனுப்புகிறேன்.

என் கேள்விக்கு உன் கடிதத்திலேயே பதில் இருக்கிறது, நீ கவனிக்கவில்லை. ஐம்பது கிலோமீட்டர் கட்டத்தில் எங்கேயோ ஒரு மூலையில் மழை என்கிறாய். வடபழனியில் தூறினால் என் மொட்டைமாடியில் வடாம் நனையுமா? வைரவன் அத்தான் வயலில் இருக்கிற செடி, அந்த வயலில் விழுந்த தண்ணீரைத்தானே குடிக்கும்? கட்டம் முழுக்கப் பங்கு போட்ட தண்ணீரை அது எங்கே போய்க் குடிக்கும்?

மொத்தத்தைப் பெருக்கிச் சரிசெய்தேன் என்கிறாய். மாசத்துக்குப் பதினைந்து கிலோ அரிசி என்றால், முதல் இரண்டு நாளில் பதினைந்தையும் பொங்கிப் போட்டுவிட்டு மீதி நாளைக்குப் பட்டினி போட்டாலும் மொத்தம் சரியாகத்தான் இருக்கும். வயிற்றுக்குத் தெரியும் வித்தியாசம். செடிக்கும் தெரியும்.

ஒரு மழையில் விதை முளைத்துவிடும். அதற்கப்புறம் இருபது நாள் வானம் கண் திறக்காவிட்டால் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்து, வேரையே அறுத்துவிடும். இது படித்துத் தெரிந்துகொள்கிற விஷயமா?

உன் வேலை போய்விடக் கூடாது என்று நானும்தான் கபாலி கோயிலில் வேண்டிக்கொள்கிறேன். அதற்காக அத்தான் வயலைப் பணயம் வைக்காதே. நீ நிறுத்தவில்லை என்றால் அவருக்கு நானே எழுதிவிடுவேன்.

பங்கஜம்

கோட்டூர்புரம்
3-8-1998

அக்கா,

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். நீங்கள் எழுத வைத்துவிட்டீர்கள்.

உங்கள் பிரதியை லைப்ரரியில் பழைய செய்தித்தாள்களோடு ஒப்பிட்டேன். 1979 ஐப்பசியில் தொடர்ந்து பதினாறு நாள் நீங்கள் சைபர் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பதினாறு நாளில் கோவில்பட்டிப் பக்கம் ரோடு உடைகிற அளவுக்கு மழை. அம்மா தவறியது அந்த ஐப்பசியில்தானே? தீட்டு என்று அப்பா மழைமானியைத் தொட்டிருக்க மாட்டார். நோட்டில் அந்தப் பக்கம் காலியாக இருந்திருக்கும். நீங்கள் காலியாக விடாமல் சைபர் போட்டீர்கள்.

சைபர் என்றால் மழை இல்லை என்று அர்த்தம். காலி என்றால் தெரியாது என்று அர்த்தம். இரண்டும் ஒன்றில்லை. பெரியப்பா காரியம், சித்தி காரியம், பிள்ளைப்பேறு என்று தேடிப் பார்த்ததில் இதே மாதிரி எனக்குத் தெரிந்தே நிறைய இடம் இருக்கிறது. தெரியாமல் எத்தனையோ!

பிரதி எடுக்கும்போதே இல்லாததை எழுதினவர், என் மழை நாளை எண்ணிக் குற்றம் சொல்கிறீர்கள். ஆபீஸில் உங்கள் ஆட்சேபத்தைப் பற்றிக் கேட்டார்கள். பிரதியே நம்பகமில்லை என்று சொல்லிவிட்டேன். நோட்டீஸ் அச்சுக்குப் போய்விட்டது.

அத்தானுக்கு நீங்கள் எழுதினால், எழுதுகிறவர் கணக்கு எப்படிப்பட்டது என்று நானும் எழுத வேண்டியிருக்கும்.

சிதம்பரநாதன்

சிவமயம்

மயிலாப்பூர்
8-8-1998

தம்பிக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. இரண்டு நாள் சாமி அறைப் பக்கம் போகவில்லை.

ஆமாம், நான்தான் சைபர் போட்டேன். சாக்குச் சொல்லவில்லை. கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டு வரும்போது ஒரு கட்டம் காலியாக நின்றால் என் கை தாங்காது. அப்பா எழுதவில்லை என்றால் எழுத ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா போன அந்தப் பதினாறு நாளும் மழை கொட்டியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பந்தல் ஒழுகியது. அது தெரிந்தும் அந்தப் பதினாறு கட்டத்திலும் வரிசையாகச் சைபர் போட்டிருக்கிறேன் பார். கை எழுதிக்கொண்டே போனது, மனசு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

நோட்டுகளை எல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். காலியாக இருந்த நாள் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. தேதிகளை இதோடு இணைத்திருக்கிறேன். இனி ஒருவரும் தேட வேண்டாம்.

ஆனால் ஒன்று கேள். இதில் புரட்டாசி நாள் பதினாலுதான். அந்தப் பதினாலு நாளும் மழை பெய்தது என்றே வைத்துக்கொள். முப்பது வருஷத்துக்குப் பதினாலு. ஆறு நாள் என்றது ஆறரையைக்கூடத் தொடாது. உன் இருபத்தொன்று எங்கே, இது எங்கே? என் தப்பு என் தப்புதான். ஆனால் அது உன் தப்பை மூடுகிற அளவுக்குப் பெரிசு இல்லை.

அத்தானுக்கு நான் எழுதவில்லை. நீ மிரட்டினதுக்காக இல்லை. என் கையை நானே நம்பாமல் போய்விட்டேன். இன்னொருத்தர் வயலைப் பற்றிச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை என்று தோன்றுகிறது. படித்தவன் நீ. இந்தக் கணக்கை ஒருதரம், ஒரே ஒருதரம் உட்கார்ந்து போட்டுப் பார்த்து, நீயே நிறுத்து.

பங்கஜம்

கோட்டூர்புரம்
27-8-1998

அன்புள்ள அக்காவுக்கு,

இணைப்புக் கிடைத்தது. காலி நாட்களைத் திருத்திவிட்டேன். நீங்கள் ஒப்புக்கொண்டது பெரிய மனசு.

நோட்டீஸ் நாலாயிரம் பிரதியும் கொடுத்தாகிவிட்டது. மேலப்பொட்டலூருக்கு நானே போயிருந்தேன். டீக்கடையில் வைரவன் அத்தான் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து எடுத்து வருகிறவனுக்கெல்லாம் காட்டுகிறார். "எங்க மாப்ளே போட்ட தேதிடே இது, மெட்ராஸ்ல கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்தது. ஒங்க தாத்தன் போட்ட தேதி இல்ல." எனக்கே கூச்சமாக இருந்தது.

நவராத்திரிக்கு வருகிறோம். இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம்.

சிதம்பரநாதன்

சிவமயம்

மயிலாப்பூர்
14-10-1998

சிதம்பரநாதனுக்கு,

நவராத்திரிக்கு நீங்கள் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. இன்று காலை வந்த வைரவன் அத்தான் கடிதத்தை அப்படியே எழுதுகிறேன்.

"பங்கஜத்துக்கு. ஆவணி இருபத்தொண்ணு ஆறு ஏக்கரும் வெதைச்சேன். புரட்டாசி மூணாந்தேதி நல்ல மழை ஒண்ணு. மொளைப்பு பாக்கக் கண்ணு கோடி வேணும். அதுக்குப் பெறகு இன்னிக்கு வரைக்கும் சொட்டு இல்ல. நின்ன நெலையிலயே கருகிட்டு. மாடு விட்டா அதுகூட மொகர்ந்து பாத்துட்டுப் போயிருது. மறுக்கா வெதைக்க வெதை இல்ல. ஊர்ல நாப்பது வீட்டுக்காரன் நான் சொன்னேன்னு வெதைச்சான். ஒருத்தனும் என்னை ஏசல. டீக்கடைக்குப் போனா எந்திரிச்சிப் போயிருதான். சிதம்பரத்திட்ட இதைச் சொல்லிராத. பாவம், மனசு சங்கடப்படுவான்."

சொல்லாதே என்று அவர் எழுதியிருப்பதை நான் மீறுகிறேன். நீ சங்கடப்பட வேண்டும். தீபாவளிக்குப் புதுத் துணி உடுத்தும்போதும் சங்கடப்பட வேண்டும்.

பங்கஜம்

கோட்டூர்புரம்
2-11-1998

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது.

ஊர்க்காரர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். ஆபீஸில் விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். எங்கே பிசகு என்று கேட்கிறார்கள். மாடலில் குறை என்று சொன்னால் என்னோடு போகாது, மொத்தத் திட்டத்தையும் இழுத்து மூடிவிடுவார்கள். பன்னிரண்டு பேருடைய வேலை.

இதோடு டைப் செய்த தாள் ஒன்று வைத்திருக்கிறேன். பிரதி எடுத்தபோது காலி நாட்களில் சைபர் போட்டது நான்தான் என்று நீங்கள் சொல்வதாக நாலு வரி. அதில் பொய் ஒன்றுமில்லை. நீங்கள் குடும்பப் பெண், உங்களை யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். உங்களைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சிதம்பரநாதன்

சிவமயம்

மயிலாப்பூர்
6-11-1998

சிதம்பரநாதனுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் செய்ததைச் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன்.

நாலு வரிக்குக் கீழே தாள் காலியாக இருந்தது. காலியாக விட்டால் என் கை தாங்காது என்று உனக்குத் தெரியும். ஆகஸ்ட் எட்டாம் தேதி உனக்கு எழுதிய கணக்கை அந்த இடத்தில் எழுதியிருக்கிறேன். ஆறு, ஆறரை, இருபத்தொன்று. எந்தத் தேதியில் உன்னிடம் சொன்னேன், எந்தத் தேதியில் நீ பதில் போட்டாய் என்பதும் இருக்கிறது. கொடுப்பதானால் முழுத் தாளாகக் கொடு. கத்தரித்துக் கொடுத்தால் என் கையெழுத்தும் சேர்ந்து போய்விடும், கடைசி வரியில்தான் போட்டிருக்கிறேன்.

நான் குடும்பப் பெண், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்கிறாய். உண்மைதான். இதுவரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை.

பங்கஜம்

கோட்டூர்புரம்
9-2-1999

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதமாக எழுதவில்லை. அந்தத் தாளை நான் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. குழுவிடம் வாயால் சொன்னேன், மழைக் குறிப்புகளில் சில பிசகு இருந்தது என்று மட்டும். யார் பிசகு என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை இரண்டு வருஷம் நீட்டித்திருக்கிறார்கள். இப்போது மழை நாட்களைத் திருத்துகிற வேலைதான் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் போட்ட அதே கணக்கில் ஆரம்பித்திருக்கிறேன். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்காது. எனக்கும் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். போன சனிக்கிழமை ஜெயஸ்ரீ தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தாள். வாசலில் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கிற ஆள், நீல யூனிபாரம் போட்டவர், "டோக்கன் பத்திரம்மா" என்றாராம். குரல் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்ததாம். உள்ளே போய்ப் பாதிப் புடவை பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்ததாம். திரும்பி வரும்போது அவர் குனிந்துகொண்டே பையைக் கொடுத்தாராம். இவளும் ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டாள்.

அது வைரவன் அத்தானா, அக்கா?

சிதம்பரநாதன்

சிவமயம்

மயிலாப்பூர்
13-2-1999

தம்பிக்கு,

அவர்தான். தை பிறந்ததும் வந்துவிட்டார். வயலைக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. கடைக்காரர்கள் நம் பக்கத்து ஆட்கள், தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கிறார்கள். ஐம்பத்து மூன்று வயசில் புடவை விரித்துக் காட்டத் தெரியாது என்று வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். ஜெயஸ்ரீயை அவருக்கு உடனே தெரிந்ததாம். "சங்கடப்படுமேன்னுதான் குனிஞ்சிக்கிட்டேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு வார விடுமுறை. மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. முதல் செவ்வாய் அவர் கை கழுவி வந்ததும், உன் கடிதங்களையும், நான் எழுதினவற்றுக்கு வைத்திருந்த நகல்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்று விடாமல் படித்துக் காட்டினேன். சைபர் போட்டதையும் படித்தேன். எதையும் மறைக்கவில்லை. மனசுக்குள் ஒரு ஓரத்தில், அவர் கோபம் முழுக்க உன் பேரில் திரும்பும் என்று எதிர்பார்த்தேன். அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

அவர் ஒரு நகலைக் கையில் வாங்கித் தேதியைப் பார்த்தார். அப்புறம், "ஆகஸ்டு எட்டுன்னு போட்டிருக்கியே, அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் அத்தான் என்றேன். "நான் வெதைச்சது செப்டம்பர் ஆறு. நடுவுல நாலு வாரம் கெடந்துச்சே. ஒரு கார்டு போட்டிருக்கலாமே, பங்கஜம். அவன் நம்புனதைச் சொன்னான். நீ தெரிஞ்சிக்கிட்டு எனக்குச் சொல்லலியே."

என் கையை நானே நம்பவில்லை, அதனால்தான் என்று சொல்ல வாய் வந்தது. உனக்கு எழுதும்போது அது எவ்வளவு அழகாக இருந்தது! அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை.

இப்போதும் வாராவாரம் வருகிறார். பரிமாறுகிறேன். "போதும்" என்பார். "மோர் இருக்கா" என்பார். அதற்கு மேல் பேச்சு இல்லை. என்னைப் பார்க்கிறதும் இல்லை.

வருகிற செவ்வாய் நீ வா. அந்தத் தாளைக் கொண்டுவர வேண்டாம், ஜெயஸ்ரீயைக் கூட்டிவர வேண்டாம். சமாதானம் செய்ய என்னைக் கூப்பிடாதே. வந்தால் அவர் பக்கத்தில் இலை போட மாட்டேன். அவருக்கு எதிரே நான் உட்காருவேன்; எனக்குப் பக்கத்தில் உட்கார்.

பங்கஜம்